மஞ்சள், கற்பூரம், டுரியன் பெலாண்டா: மூளைக்கட்டி வரை போய்ச் சேருவது எது?

செந்தூல் வாசுகி

கிளையோபிளாஸ்டோமா (வேகமாக வளரும் மூளைப் புற்றுக்கட்டி) நோயாளிகளின் வீட்டார் பையிலிருந்து எடுத்துக் காட்டும் பொருள்கள் பெரும்பாலும் இவைதான்: மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல், குந்திரிக்க மாத்திரை, டுரியன் பெலாண்டா (முள்சீத்தா) இலை, வல்லாரைச் சாறு, பச்சைக் கற்பூரம் போட்ட லேகியம். கேள்வியும் ஒன்றுதான்: "சிஸ்டர், இது மூளைக்குள்ள போகுமா?" வேண்டாம் என்று மட்டும் சொன்னால் நமக்குத் தெரியாமல் கொடுப்பார்கள். எது போகும், எவ்வளவு போகும், டெமோசோலோமைடு (கீமோ மருந்து), டெக்ஸாமெத்தசோன் (மூளை வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு), வலிப்பு மருந்து ஆகியவற்றோடு எங்கே இடிக்கும் என்று எண்ணோடு சொல்லக்கூடியவர்கள் சொல்லுங்கள். வார்டில் அப்படியே எடுத்துச் சொல்லும்படி இருந்தால் நல்லது.

கெப்போங்கிழார்

அக்கா, முதலில் இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடையைப் பார்ப்போம். உடம்பின் மற்ற இடங்களில் தந்துகிச் சுவரின் செல்களுக்கு நடுவே இடுக்கு இருக்கும். மருந்து கசிந்து வெளியேறும். மூளைத் தந்துகியில் அந்த இடுக்கைக் கிளாடின்-5, ஒக்லூடின் போன்ற புரதங்கள் தைத்து மூடியிருக்கின்றன. வெளிப்புறம் பெரிசைட் செல்களும் ஆஸ்ட்ரோசைட்டின் பாதங்களும் அணைத்திருக்கும். எனவே மருந்து செல்லுக்குள்ளேயே நுழைந்து மறுபக்கம் வரவேண்டும். அதற்கு அது சிறிதாகவும் (மூலக்கூறு எடை சுமார் 400 முதல் 500 டால்டனுக்குள்), கொழுப்பில் கரைவதாகவும் இருக்க வேண்டும். அப்படி நுழைந்ததையும் பி-கிளைக்கோபுரோட்டீன், பி.சி.ஆர்.பி. என்ற இரண்டு பம்புகள் பிடித்து இரத்தத்துக்கே திருப்பித் தள்ளும். வாசலில் ஆள் நின்று வெளியே தள்ளுகிற வீடு அது.

இந்த இழை முழுவதற்கும் என் ஒரே வேண்டுகோள்: "புற்றுச் செல்லைக் கொல்லுமா?" என்று கேட்காதீர்கள். ஆய்வுக்கூடத் தட்டில் உப்புத் தண்ணீரும் கொல்லும். "எத்தனை மைக்ரோமோலாரில் (கரைசலில் மருந்தின் செறிவைச் சொல்லும் அலகு) கொல்கிறது, கட்டியில் எத்தனை மைக்ரோமோலார் இருக்கிறது?" என்று கேளுங்கள்.

மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். அதன் சத்தான குர்குமின் 368 டால்டன், அளவில் தேறிவிடும். ஆய்வுக்கூடத் தட்டில் கிளையோமா (கிளையோபிளாஸ்டோமா சேர்ந்த மூளைக்கட்டி இனம்) செல்களை அடக்க வழக்கமாக 10 முதல் 25 மைக்ரோமோலார் வேண்டும். நாளுக்கு 8 கிராம் குர்குமின் வாய்வழி கொடுத்து 2001இல் வெளியான ஆய்வில் இரத்தத்தில் கண்ட உச்சம் சராசரி 1.77 மைக்ரோமோலார். 8 கிராம் குர்குமினுக்கு மஞ்சள்தூள் எவ்வளவு? தூளில் குர்குமின் 3% என்று வைத்தால் 260 கிராமுக்கு மேல். சமையல் கரண்டிக் கணக்கெல்லாம் இங்கே நிற்காது.

கட்டிக்குள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். உறிஞ்சப்படும் அளவைக் கூட்டிய மைசெல் வடிவக் குர்குமினை அறுவைக்கு முந்தைய 4 நாள் கொடுத்து, எடுத்த கட்டியைச் சோதித்த ஜெர்மானிய ஆய்வு 2016இல் வந்தது. சராசரி, ஒரு மில்லிகிராம் திசுவில் 56 பிக்கோகிராம். மோலாரில் போட்டால் சுமார் 0.15 மைக்ரோமோலார். போகிறதா என்றால் போகிறது. தேவைப்படும் அளவில் நூற்றில் ஒரு பங்கு போகிறது.

பாயான் லெப்பாஸ்

அண்ணே, ஒரு சந்தேகம். கிளையோபிளாஸ்டோமா தடையை உடைத்துவிடுகிறதே? எம்.ஆர்.ஐ.யில் கடோலினியம் ஊசி போட்டதும் கட்டி வெள்ளையாக ஒளிர்வது அதனால்தானே? தடையே உடைந்த இடத்தில் மருந்து போகாது என்பது எப்படி?

கெப்போங்கிழார்

தம்பி, ஒளிர்கிற இடத்தில் உடைந்திருப்பது உண்மைதான். ஆனால் அறுவை மருத்துவர் எடுத்துப்போடுவதும் அந்த ஒளிர்கிற இடத்தைத்தானே! மீதி நிற்பது ஓரத்தில் நல்ல மூளைக்குள் வேர் விட்டிருக்கும் செல்கள். அங்கே தையல் பிரியவில்லை, பம்பும் ஓடுகிறது. கட்டி திரும்ப வரும்போது பெரும்பாலும் பழைய எல்லையிலிருந்து 2 செ.மீ.க்குள்ளேயே வருவது இதனால்தான். மேலே சொன்ன 0.15 கூட வெட்டியெடுத்த கட்டியில் அளந்தது. ஓரத்தில் இன்னும் குறையத்தான் வாய்ப்பு.

இன்னொரு பொறி. "எலியில் கட்டி சுருங்கியது" என்ற கட்டுரையைக் கையில் எடுத்தால் செய்முறைப் பகுதியை முதலில் படியுங்கள். கட்டியை எலியின் விலாத் தோலுக்கடியில் வளர்த்திருந்தால் அங்கே மூளைத் தடையே கிடையாது. மருந்தை வயிற்றறைக்குள் ஊசியாகப் போட்டிருந்தால் குடலையும் அது தாண்டவில்லை. இரண்டும் சேர்ந்திருந்தால் அந்தக் கட்டுரையை வைத்து ஒரு நோயாளிக்கும் எதுவும் சொல்ல முடியாது. சுண்டெலி அளவை மனித அளவாக மாற்ற ஒரு கிலோவுக்கான மில்லிகிராமை 12.3ஆல் வகுக்க வேண்டும். நேராக நம் எடையால் பெருக்குகிறவர்கள் பன்னிரண்டு மடங்கு கொடுத்துவிடுகிறார்கள்.

ஜெலுத்தோங் மருந்தகம்

மிளகுச் சத்தைப் பற்றி நான் எழுத வேண்டும். மஞ்சளை விட அதுதான் எனக்குக் கவலை.

2 கிராம் குர்குமினோடு மிளகுச் சத்தான பைப்பரின் 20 மி.கி. கொடுத்தால் இரத்தத்தில் சேருவது 2000% கூடுகிறது என்ற 1998ஆம் ஆண்டு இந்திய ஆய்வைத்தான் எல்லாப் புட்டியிலும் அச்சடிக்கிறார்கள். பைப்பரின் இதை எப்படிச் செய்கிறது? கல்லீரலும் குடலும் குர்குமினை வேறொன்றோடு பிணைத்து வெளியேற்றும் வேலையைத் தடுக்கிறது. சிப் 3ஏ4 என்ற நொதியையும் பி-கிளைக்கோபுரோட்டீனையும் சேர்த்தே தடுக்கிறது. அந்த வேலையாட்கள் மஞ்சளுக்கு மட்டும் இல்லையே. நோயாளி விழுங்கும் மற்ற மருந்துகளுக்கும் அவர்கள்தான்.

வலிப்பு மருந்தான ஃபெனிடோயின் எடுப்பவருக்குப் பைப்பரின் சேர்ந்தால் அதன் இரத்த அளவு ஏறும். இருக்க வேண்டியது லிட்டருக்கு 10 முதல் 20 மி.கி. அதைத் தாண்டினால் கண் ஆடும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். பார்க்கிறவர் "கட்டி வளர்ந்துவிட்டது" என்று நினைத்துவிடுவார். திடீர்த் தள்ளாட்டம் என்றால் ஸ்கேனோடு ஃபெனிடோயின் அளவும் கேளுங்கள், வாசுகி. இன்னொரு வலிப்பு மருந்தான லெவெடிராசெட்டாம் எடுப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அது பெரும்பாலும் சிறுநீரகம் வழியே போய்விடும்.

டெக்ஸாமெத்தசோன் 3ஏ4 வழியே கழிகிறது. கழிவது குறைந்தால் சர்க்கரை ஏறும், தூக்கம் கெடும், தொடைத் தசை மெலியும். பம்பளிமாஸ் பழமும் இதே நொதியைத் தொடும். சீனப் புத்தாண்டு சமயத்தில் வீட்டில் மலை மாதிரி குவிந்திருக்கும்போது இதைச் சொல்லிவைப்பது நல்லது.

டெமோசோலோமைடுக்கு நொதி வேண்டாம். இரத்தத்தின் காரத்தன்மையிலேயே தானாக உடைந்து வேலை செய்யும் வடிவத்துக்கு வரும். மிளகு அதன் அளவை மாற்றும் என்று பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது கல்லீரலுக்கும் தட்டணுக்களுக்கும். பைப்பரின் சேர்த்த மஞ்சள் கேப்சூலால் கல்லீரல் அழற்சி வந்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. டெமோசோலோமைடும் அரிதாக அதைச் செய்யும். ஏ.எல்.டி. (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதி) 400க்குப் போன பிறகு எது காரணம் என்று பிரிக்க வழியில்லை; நிறுத்தப்படுவது கீமோதான். அடுத்த சுழற்சி தொடங்கத் தட்டணு ஒரு லட்சமாவது வேண்டும். குர்குமினுக்கும் இரத்தம் உறைவதைச் சற்றுத் தளர்த்தும் குணம் உண்டு. தட்டணு தாழ்ந்த வாரத்தில் அதைக் கூட வைப்பது நியாயமில்லை.

ரசத்தில் போடும் மிளகும் குழம்பில் போடும் மஞ்சளும் இந்தக் கணக்கில் வராது. அதையும் நிறுத்தச் சொல்லி, ஏற்கெனவே வாய் கசந்து கிடப்பவரின் சாப்பாட்டைக் கெடுக்காதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வைத்தியர்

அம்மா சொன்னதை ஏற்கிறேன். எங்கள் முறையில் அனுபானம் என்று ஒன்று உண்டு: மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் துணை. தேன், நெய், திரிகடுகு, கற்பூரம். நவீன ஆய்வாளர்கள் தடையைத் திறக்கத் தேடுவதும் ஒரு அனுபானத்தைத்தான். இந்த மண்ணிலேயே அதற்கு ஒரு பொருள் இருக்கிறது.

காப்பூர் மரம், ட்ரையோபலானாப்ஸ் அரோமாட்டிக்கா. மலேசியாவின் கெப்போங் வன ஆய்வுக் கழகத்தில் ஒன்றையொன்று தொடாமல் உச்சிகள் விலகி நிற்பதைப் படம் எடுக்கிறார்களே, அதே மரம். அதன் வயிரத்தில் விளையும் படிகம்தான் போர்னியால்; பழைய நூல்கள் சொல்லும் பாருஸ் கற்பூரம். இந்தச் சரக்குக்காகவே தமிழ் வணிகர் சுமத்திராவின் பாருஸ் துறைக்குப் போனார்கள். அங்கே லோபு துவாவில் ஐந்நூற்றுவர் குழு வைத்த தமிழ்க் கல்வெட்டு 1088ஆம் ஆண்டுக்குரியது. சீன மருத்துவர்கள் போர்னியாலை மற்ற மருந்துகளை மேலே, தலைக்கு ஏற்றிச் செல்லும் தூதன் என்றே வகைப்படுத்துகிறார்கள். விலங்கு ஆய்வுகளில் அது பம்பை அடக்கித் தையலைச் சிறிது நேரம் தளர்த்துகிறது என்றும் காட்டியிருக்கிறார்கள். இதை ஏன் நாம் பேசுவதில்லை?

கெப்போங்கிழார்

பேச வேண்டியதுதான், ஐயா. இந்த இழையில் எனக்கு உண்மையாக ஆவல் தருவது இதுதான். 154 டால்டன், கொழுப்பில் கரையும், பம்பைத் தொடும், வேதியியல் ஒத்துவருகிறது. ஆனால் மூன்று முடிச்சு இருக்கிறது.

முதல் முடிச்சு பெயரில். கடையில் பச்சைக் கற்பூரம் என்று விற்பதில் பெரும்பகுதி கேம்ஃபர். போர்னியாலை ஆக்சிஜனேற்றினால் வருவதுதான் கேம்ஃபர். தோற்றத்தில் அண்ணன் தம்பி, குணத்தில் வேறு. கேம்ஃபர் வலிப்பை வரவழைக்கும். விழுங்கிய சில நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வரும். ஒரு கிராம் சிறு குழந்தையின் உயிரை எடுத்திருக்கிறது. கிளையோமா நோயாளிக்கு ஏற்கெனவே வலிப்பு வாசலில் நிற்கிறது. அவருக்கு லேகியத்தில் கற்பூரம் கொடுப்பது நெருப்பின் பக்கத்தில் மண்ணெண்ணெய் வைப்பது.

பழைய வணிகர்கள் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். பாருஸ் கற்பூரத்தின் அடர்த்தி 1.01, அது மூழ்கும், கேம்ஃபர் 0.99, மிதக்கும். ஆனால் சிறு படிகம் நீர்ப்பரப்பின் இழுவையிலேயே மிதந்துவிடும், கலப்படம் தெரியாது. உருகுநிலையைச் சோதிப்பது அதைவிடச் சற்று நல்லது: போர்னியால் 208 பாகை, கேம்ஃபர் 176 பாகைக்கு அருகில். உறுதியாகச் சொல்வது வாயு நிறப்பகுப்பு ஒன்றுதான். செயற்கைப் போர்னியால் என்று வருவதில் ஐசோபோர்னியாலும் கலந்திருக்கும்.

இரண்டாவது: தடை திறந்தால் நமக்கு வேண்டிய மருந்து மட்டுமா நுழையும்? பம்பை அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு லோப்பெரமைடு சாட்சி. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் அது ஓப்பியாய்டு வகை. பம்பு தள்ளிவிடுவதால்தான் மூளையைத் தொடுவதில்லை. 600 மி.கி. குவினிடினோடு சேர்த்துக் கொடுத்த 2000ஆம் ஆண்டு ஆய்வில் மூச்சு உந்துதல் குறைந்தது.

மூன்றாவது: எலியில் தடை தளர்ந்தது என்பதிலிருந்து மனித மூளைக்கட்டியில் மருந்து சேர்ந்தது என்பதற்கு இன்னும் பாலம் போடவில்லை. அதுவரை அது ஆய்வுக்கூடத்தில் இருக்கட்டும். லேகியத்தில் வேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸ் வைத்தியர்

வலிப்பு உள்ளவருக்குக் கற்பூரம் சேர்ந்த எதையும் கொடுக்கக் கூடாது என்பதில் மறுப்பே இல்லை. மூளைக்கட்டி என்று தெரிந்தால் வலிப்பு இதுவரை வராதவருக்கும் கூடாது. மற்ற வைத்தியர்களும் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பாயான் லெப்பாஸ்

போர்னியாலை எச்.சி.எம்.ஈ.சி./டி3 (ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் மனித மூளைத் தந்துகிச் செல்) அடுக்கில் சோதிக்கத் திட்டம் எழுதுகிறேன். எங்கே சறுக்கும்?

கெப்போங்கிழார்

எல்லா இடத்திலும் சறுக்கும், தம்பி, முக்கியமானதைச் சொல்கிறேன். குழியை மேலறை, கீழறை என்று பிரிக்கும் 0.4 மைக்ரான் துளைச் செருகியில் கொலாஜன் பூசி வளர்த்தாலும் அந்தச் செல்களின் மின்தடை சதுர செ.மீ. கணக்கில் 30 முதல் 50 ஓம்தான் வரும். உயிருள்ள மூளையில் ஆயிரத்துக்கு மேல். ஆகவே மின்தடையை மட்டும் நம்பாதே. சோடியம் ஃபுளோரசீன் என்ற ஒளிரும் சாயத்தின் கசிவை ஒவ்வொரு தட்டிலும் கூடவே அள. போர்னியால் ஆவியாகும், மூடாத தட்டில் பக்கத்துக் குழிக்குப் போய் உன் கட்டுப்பாட்டுக் குழியையே கெடுக்கும். ஒட்டுப்படலம் போட்டு மூடு, கட்டுப்பாட்டைத் தனித் தட்டில் வை. மருந்தைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. 0.1% தாண்டாதே.

15, 30, 60, 90 நிமிடத்தில் கீழறையில் மாதிரி எடு. முடிவில் மேலறை, கீழறை, செல் மூன்றையும் கூட்டிப் போட்டதில் 80%ஆவது திரும்பக் கிடைக்கிறதா பார். குறைந்தால் பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கிறது, அல்லது சிதைந்திருக்கிறது. குர்குமினையும் சேர்க்கப்போகிறாய் என்றால் இது கழுத்தை நெரிக்கும்: சீரம் இல்லாத 7.2 பி.எச். கரைசலில் அரை மணி நேரத்தில் 90% சிதைந்துவிடும். நீ அளப்பது குர்குமினையா, அதன் குப்பையையா என்று தெரியாமல் போகும்.

கடைசியாக, தடை திறந்ததா, செல் செத்ததா என்று பிரித்துக் காட்ட வேண்டும். மருந்தைக் கழுவி எடுத்த பிறகு மின்தடை சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு ஏற வேண்டும், செத்த செல்லிலிருந்து வெளிவரும் எல்.டி.எச். நொதியின் கசிவும் கூடியிருக்கக் கூடாது. ஏறவில்லை என்றால் நீ கதவைத் திறக்கவில்லை, சுவரை இடித்திருக்கிறாய்.

எலி மூளைக்குப் போகும்போது உப்புநீரால் இரத்தத்தை அலசாமல் மூளையை அரைக்காதே. மூளையின் கனஅளவில் சில விழுக்காடு இரத்தம்தான். அந்த இரத்தத்தில் இருந்த மருந்தை மூளையில் சேர்ந்ததாக எழுதிவிடுவாய்.

செந்தூல் வாசுகி

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவைக்கிறேன். "மானிட்டால் தடையைத் திறக்கும்" என்று படித்துவிட்டு, வார்டில் மானிட்டால் ஏறும் நேரத்தில் மூலிகை கொடுத்தால் உள்ளே போகுமா என்று கேட்கிறார்கள். போகாது. தடையைத் திறக்கும் முறையில் 25% மானிட்டாலை மூளைக்குப் போகும் தமனிக்குள்ளேயே, மயக்கம் கொடுத்து, வேகமாகச் செலுத்துவார்கள். செல்கள் சுருங்கி இடுக்கு விடும். வார்டில் கை நரம்பில் ஏற்றுவது மூளை அழுத்தத்தைக் குறைக்க. இரண்டும் வேறு.

குந்திரிக்கம் பற்றி யாராவது சொல்லுங்கள்.

ஜெலுத்தோங் மருந்தகம்

குந்திரிக்கம்தான் இந்தப் பட்டியலிலேயே மனித ஆய்வு கொஞ்சம் கையில் வைத்திருப்பது. 2011இல் ஜெர்மனியில், மூளைக்குக் கதிர்வீச்சு பெற்ற 44 பேரிடம் நாளுக்கு 4200 மி.கி. பாஸ்வெல்லியா (குந்திரிக்கம்) சத்தும் போலி மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். கதிர்வீச்சு முடிந்தபோது மூளை வீக்கம் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தவர்கள் 60%. போலி மாத்திரைக் குழுவில் 26%. சின்ன ஆய்வு. அது காட்டியது வீக்கத்தை. கட்டியைக் கொன்றதையோ ஆயுளை நீட்டியதையோ காட்டவில்லை. 350 மி.கி. கேப்சூலில் அந்த அளவு வர நாளுக்கு 12 விழுங்க வேண்டும். கடையில் கிடைப்பதை இரண்டு வீதம் விழுங்கிவிட்டு அந்த ஆய்வைச் சொல்வது பொருந்தாது. வெறும் வயிற்றில் மிகக் குறைவாகவே உறிஞ்சும், கொழுப்புள்ள உணவோடு எடுக்க வேண்டும். டெமோசோலோமைடோ வெறும் வயிற்றில் எடுப்பது. உணவோடு எடுத்தால் உச்ச அளவு 32% குறையும். இரண்டையும் ஒரே வேளையில் கொடுக்காதீர்கள். டெக்ஸாமெத்தசோனுக்குப் பதிலாக இதைக் கொடுக்கவே கூடாது.

வல்லாரை: ஆசியாட்டிகோசைடு 959 டால்டன், சர்க்கரை மூன்று தொங்கும் மூலக்கூறு. குடலில் சர்க்கரை கழன்று ஆசியாட்டிக் அமிலமானாலும் 489. பசாரில் வாங்கிப் பச்சையாகச் சாப்பிடும் பெகாகா (வல்லாரைக் கீரை) உணவாக இருக்கட்டும். தட்டணு குறைந்திருக்கும்போது நன்றாகக் கழுவி வேகவைத்துக் கொடுங்கள், வெள்ளணுவும் கூடவே குறைந்திருக்கும்.

கெப்போங்கிழார்

டுரியன் பெலாண்டா விஷயத்தில் நான் கடுமையாகவே சொல்கிறேன். "இயற்கைப் பொருள் தடையை அதிகம் தாண்டாது" என்று இதுவரை எழுதியதற்கு அது விதிவிலக்கு. அதிலுள்ள அன்னோனாசின் கொழுப்பில் நன்றாகக் கரையும், மூளைக்குள் போகும். போய் நரம்புச் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் தரும் முதல் புரதக் கூட்டைப் பூட்டிவிடும். கரீபியன் கடலின் குவாதலூப் தீவில் மருந்துக்குப் பிடிபடாத பார்க்கின்சன் வகை நோய் அளவுக்கு மீறி இருந்ததையும், அந்த நோயாளிகள் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் நிறையச் சாப்பிட்டதையும் 1999இல் தொடர்புபடுத்தி எழுதினார்கள். எலிகளின் இரத்தக் குழாய் வழியே 28 நாள் அன்னோனாசின் செலுத்தியபோது மூளைச் செல்கள் அழிந்தன. ஒரு பழத்தில் சுமார் 15 மி.கி. இருக்கும். எப்போதோ ஒரு துண்டு தின்பது வேறு. மாதக்கணக்கில் தினமும் கஷாயம் குடிப்பது வேறு.

பாயான் லெப்பாஸ்

அப்படியானால் தாவரத்திலிருந்து உருப்படியாக மூளைக்குப் போவது எதுவுமே இல்லையா?

கெப்போங்கிழார்

இருக்கிறது, ஆனால் வாசல் வேறு. பாக்ளிடாக்சல் யூ மரப்பட்டையிலிருந்து வந்தது. 854 டால்டன், பம்புக்குப் பிடித்த இரை. வாய்வழியோ நரம்புவழியோ கொடுத்தால் மூளையில் நிற்காது. அதையே மண்டையோட்டில் பதித்த ஒன்பது மீயொலி முனைகளையும் இரத்தத்தில் செலுத்திய நுண்குமிழிகளையும் கொண்டு தடையைத் திறந்து கொடுத்த முதற்கட்ட ஆய்வு, 17 நோயாளிகளிடம், 2023இல் வெளிவந்தது. திறந்த இடத்து மூளையில் பாக்ளிடாக்சல் 3.7 மடங்கு கூடியது. தடை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் மூடிக்கொண்டது. பழைய கேள்விக்கு இது நல்ல பதில்: பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை, வழியைத் திறக்க வேண்டும், திறந்தது மூடவும் வேண்டும்.

நித்தியகல்யாணியிலிருந்து வரும் வின்கிரிஸ்டினும் உண்டு. ஒலிகோடெண்ட்ரோகிளையோமாவுக்கு பி.சி.வி. என்ற மூன்று மருந்துச் சேர்க்கையில் அது ஒன்று. 825 டால்டன், மூளைக்குள் மிகக் குறைவாகவே போகும். அந்தச் சேர்க்கையில் வேலையைத் தாங்குவது மற்ற இரண்டும்தான் என்று பலரும் கருதுகிறார்கள். வீட்டு வாசலில் பூத்திருக்கிறதே என்று அந்த இலையை அரைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். அது விஷம்.

ஜெலுத்தோங் மருந்தகம்

பி.சி.வி. பேச்சு வந்ததால் ஒன்று. அதிலுள்ள புரோகார்பசின் எடுக்கும் நாள்களில் (8 முதல் 21 வரை) பெலாச்சான் (இறால் விழுது), கருவாடு, சோயா சாஸ், தாவ்ச்சு (புளித்த சோயா விழுது), தெம்போயாக் (புளித்த டுரியன்) வேண்டாம். புளித்தும் ஊறியும் வந்த உணவின் டைரமின் இரத்த அழுத்தத்தைத் திடீரென ஏற்றும். மூளைக்கட்டிக்காரருக்கு அது ஆபத்து. மூலிகையைத் துருவித் துருவிக் கேட்கும் வீட்டார் பெலாச்சான் சம்பாலை மறந்துவிடுகிறார்கள்.

இனி வாங்கும் பொருள். புட்டியில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கமும் கடைசியில் டி (T) எழுத்தும் இருந்தால் பாரம்பரியப் பொருளாகப் பதிவானது. கடைசியில் N எழுத்து இருந்தால் ஊட்டச்சத்துப் பொருள். அந்த எண்ணை மலேசியத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் (NPRA) இணையதளத்தில் அடித்து, பெயர் ஒத்திருக்கிறதா பாருங்கள். பதிவு என்பது கன உலோகம், நுண்ணுயிர், கலப்படம் ஆகியவற்றுக்கான சோதனை. புற்றைக் குணமாக்கும் என்ற சான்று இல்லை. புற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதையே 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் தடுக்கிறது.

பதிவில்லாத பொருளில் எனக்குள்ள பெரிய பயம் ஒளித்துக் கலந்த டெக்ஸாமெத்தசோன். நம் நாட்டில் பாரம்பரியப் பொருள்களில் அது திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. மூளைக்கட்டிக்காரர் அதைக் குடித்தால் இரண்டு நாளில் தலைவலி குறையும், பசிக்கும், நடப்பார். வீட்டார் மூலிகை வேலை செய்கிறது என்று நம்புவார்கள். நம்பாமல் எப்படி இருப்பார்கள்? வேலை செய்தது ஸ்டீராய்டு.

செந்தூல் வாசுகி

அப்படிச் சந்தேகம் வந்தால் வார்டில் என்ன செய்வது, அக்கா? உடனே நிறுத்தச் சொல்லலாமா?

ஜெலுத்தோங் மருந்தகம்

மருத்துவரிடம் சொல்லாமல் நிறுத்தச் சொல்லாதீர்கள். பல வாரம் ஸ்டீராய்டு போயிருந்தால் அட்ரினல் சுரப்பி தூங்கியிருக்கும். சட்டென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழும், மூளை வீக்கமும் திரும்பும். புட்டியை மிச்சத்தோடு வாங்கி வையுங்கள். எந்தத் தேதியில் தொடங்கினார், நாளுக்கு எத்தனை என்று எழுதுங்கள். சர்க்கரை, சோடியம், பொட்டாசியம் எடுத்து, காலை எட்டு மணிக் கார்ட்டிசாலும் பார்க்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். மருத்துவமனை டெக்ஸாமெத்தசோனைப் படியிறக்கும் கணக்கில் இந்த ஒளிந்த அளவையும் சேர்க்க வேண்டும். புட்டியை மருந்தகப் பிரிவு வழியாகச் சோதனைக்கு அனுப்பலாம். வீட்டாரைக் கடிந்துகொள்ளாமல் கேளுங்கள். கடிந்தால் அடுத்த புட்டி உங்கள் கண்ணுக்கு வராது.

செந்தூல் வாசுகி

சரி அக்கா. சேர்க்கைப் படிவத்தில் "வேறு மருந்து உண்டா" என்ற ஒரே வரிக்குப் பதிலாகத் தமிழில் தனியாகக் கேட்கும்படி எழுதிவைக்கிறேன்: மஞ்சள் கேப்சூல், மிளகுச் சத்து, கற்பூர லேகியம், டுரியன் பெலாண்டா, பெயரில்லாப் புட்டி. தொடங்கிய தேதிக்கும் ஒரு கட்டம். விட்டுப்போனது இருந்தால் இன்றிரவுக்குள் இங்கே எழுதுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வைத்தியர்

அதிமதுரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அம்மா. இருமலுக்கென்று தினமும் கொடுப்பார்கள். டெக்ஸாமெத்தசோனோடு சேர்ந்தால் பொட்டாசியம் இறங்கும்.